செம்புக்குள் நுரைத்த பேய்

அன்று பாபிலோனில் நிலாவைப் பேய் பாதிதான் தின்றது. மீதிப் பாதியைக் காப்பாற்றியவர் ரெமுத் மந்திரவாதி. யார் சொன்னது? அவரேதான். நிலாவிடம் போய்க் கேட்கவா முடியும்?

கிரகணம் பிடித்ததும் வழக்கப்படி பேயை விரட்ட நாங்கள் வீட்டிலிருந்த செம்புப் பாத்திரங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து தட்டித் தீர்த்தோம். காது போனதுதான் மிச்சம். மறுநாள் காலையில் ரெமுத் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நிலாவை விட்டு ஓடிய பேய்கள், நாங்கள் தட்டிய பாத்திரங்களுக்குள் புகுந்துவிட்டனவாம். அவருடைய மந்திர நீரை ஊற்றும்போது நுரைத்தால் பேய் உள்ளே இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை யூப்ரடீஸ் ஆற்றில் தள்ளுவார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

கால்வாய்த் தெருவே வரிசையில் நின்றது. பாத்திரத்துக்குப் பாத்திரம் நுரை. பறிகொடுத்தவர்கள் அவர் காலில் விழுந்து நன்றி வேறு சொன்னார்கள்.

இன்சப்துவின் முறை வந்தது. பேரீச்சை மது காய்ச்சி விற்கும் விதவை. அவள் கொண்டுவந்த செம்புக் கொப்பரை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. ரெமுத் ஊற்றினார். பொங்கி வந்தது நுரை.

"பெரிய பேயும்மா. விட்டுட்டுப் போ."

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். "சாமி, இன்னும் ரெண்டு செம்பு இருக்கு. அதையும் பாத்துச் சொல்லுங்க."

முதல் செம்பிலும் நுரை பொங்கியது.

"இதுலயும் பேய்தான்," என்றார் ரெமுத்.

"இது இன்னிக்குக் காலைலதான் கன்னான் பட்டறையில வாங்கினது. நேத்து இது பாத்திரமாவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் சாம்பல் போட்டுத் தேய்ச்சு வச்சேன், அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அடுத்த செம்பில் ஒரு குமிழிகூட வரவில்லை.

"இது சுத்தம்," என்றார் அவர், குரல் கொஞ்சம் இறங்கி.

"எங்க பக்கத்து வீட்டுத் தப்லுத்தோடது. நேத்து கிரகணம் முடியுற வரைக்கும் வாங்குன அடியில நெளிஞ்சே போச்சு. அவ சாம்பல் போட்டுத் தேய்க்கிறவ இல்ல. ஆத்துல ஒரு முக்கு, முடிஞ்சுது."

"என்னை எதுக்குடி இழுக்குற?" என்றாள் தப்லுத்.

"உன் சோம்பேறித்தனந்தான் இன்னிக்கு ஊரைக் காப்பாத்துது, சும்மா இரு."

இன்சப்து, தயாராகக் கொண்டுவந்திருந்த பாத்திரம் தேய்க்கும் சாம்பலில் ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்தாள். மேலே, தன் கடையில் புளித்துப்போன பேரீச்சங்காடியை ஊற்றினாள். கை நிறைய நுரை.

"உங்க மந்திர நீரும் இதே காடிதான். மோந்தாலே தெரியுது. இப்ப என் கையிலயும் பேய் இருக்கு. வெட்டி எடுத்துட்டுப் போறீங்களா, சாமி?"

சிரிப்பு தெருவின் அந்தக் கோடி வரை போனது. ரெமுத் அதற்கும் முன்னால் போய்விட்டார். ஆற்றுக்குப் போன பாத்திரங்கள் எல்லாம் அவர் மைத்துனன் பட்டறையில், உருக்குவதற்கு அடுக்கி வைத்தபடி கிடைத்தன. பேய் பிடித்த செம்பை உருக்கி விற்றால் பேய் போய்விடும்போல.

பெண்கள் அவரவர் பாத்திரத்தைத் தேடி எடுத்து வெட்கத்தோடு துடைத்துக்கொண்டிருந்தார்கள். கொப்பரையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இன்சப்து பட்டறை வாசலில் நின்றாள்.

"செம்பை இந்தத் தேய்ப்பு தேய்க்கிறீங்களேடி. மண்டைக்குள்ளயும் கொஞ்சம் தேய்ச்சு வைங்க. அதுலதான் ரொம்ப நாளாப் பாசி."