கொசுவலை தாண்டாத மந்திரம்

குடியிருப்பின் மொட்டைமாடியில் தொடங்கிய வரிசையின் வால், படிக்கட்டு வழியாக இறங்கித் தெருமுனைத் தையல்கடை வரை நீண்டிருந்தது. ஆளுக்கொரு தொட்டிச் செடி. கைக்குழந்தையைக்கூட இத்தனை பத்திரமாக யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

பொன்வாக்கர் வந்திருக்கிறார். அவர் முணுமுணுத்தால் செடிப்பேன் தங்கமாகும். உடனே இல்லை, சில நாளில். அதுவரை மருந்து அடிக்கக் கூடாது, இலையைத் தொடக் கூடாது. பச்சைப் பேன் உப்பி, இறுகி, பொன்மணியாக இலையில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கிச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொடுப்பார். கழுத்தில் மாட்டினால் வீட்டுப் பீடையும் பேனோடு போகும். குப்பிக்குத் தனிக் காணிக்கை. தங்கம் செய்யத் தெரிந்தவருக்குக் காணிக்கை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கடிகாரம் பழுது பார்ப்பவனும் கேட்கவில்லை. அவன் எதையுமே கேட்டுப் பழகாதவன். அம்மாவுக்குப் பின்னால் நின்றான். அம்மாவின் இரண்டு ரோஜாத் தொட்டிகள் மேலேயே இருந்தன. புறா கொத்துகிறது என்று பழைய கொசுவலையால் மூடி, ஓரத்தைத் தொட்டிக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். உள்ளே பேன்கள் குடும்பம் குடும்பமாகச் செழித்திருந்தன.

"இலை நாடி பார்க்கணும்" என்றார் பொன்வாக்கர். வலையை விலக்கி, ஒவ்வொரு இலையாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இங்க என் வாக்கு ஏறாது. யாரு தண்ணி ஊத்தறது?"

"மருமக, சாமி."

"அதான். அது பேன் கை. அந்தக் கை இந்த வீட்டுல இருக்கிறவரைக்கும் எதுவும் தழைக்காது."

அன்று மாலையே பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

"கொஞ்ச காலம் அவ அம்மா வீட்டுல இருக்கட்டும்டா."

"ரோஜாவுக்காகவாம்மா?"

"ரோஜாவுக்கே இந்த கதின்னா, நாளைக்கு இவ வயித்துல பிறக்கிறதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். பதில் தேட அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் அது.

மனைவி துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "போன தடவை கீழ்வீட்டு வங்கிக்காரர் செடியில மட்டும் வாக்கு எப்படி ஏறுச்சு? உங்க லென்ஸை எடுங்க, போய்ப் பார்ப்போம்."

வங்கிக்காரர் வீட்டுக் கத்தரிச் செடியில் பொன்மணிகள் மின்னின. கடிகாரக்காரன் லென்ஸைக் கண்ணில் செருகிக் குனிந்தான். ஒரு மணியின் முதுகில் ஓட்டை. கருவி வைத்து அறுத்ததுபோல் சுத்தமான வட்டம். மூடிகூடத் தொங்கியது.

"தங்கத்துக்கு எதுக்குங்க கதவு?" என்றாள் அவள்.

கதவு திறக்காத மணிகள் இருந்த இலையொன்றைக் கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டினாள். பிறகு மாமியாரிடம் போனாள்.

"அத்தை, சாமி திரும்பி வர்ற வரைக்கும் இருக்கேன். ஒரு தொட்டிக்கு வலை அப்படியே இருக்கட்டும். அதுக்கு நீங்க தினம், வரிசையில காதுல விழுந்த அவர் மந்திரத்தைச் சொல்லுங்க. இன்னொண்ணுக்கு வலையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ரெண்டுக்கும் நான்தான் தண்ணி ஊத்துவேன். இதே கையால."

"புறா?"

"வந்தா விரட்டறேன்."

மாமியார் ஒத்துக்கொண்டாள். மந்திரம் தோற்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சில நாளில் பாட்டிலுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. லென்ஸில் பார்த்தால் குளவி. கடுகளவுதான். ஆனால் இடுப்பு, இறக்கை, கொம்பு எல்லாம் உண்டு. மூடாத ரோஜாவில் அதே இனம் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வாலை வயிற்றுக்கு அடியில் வளைத்து முன்னே நீட்டி, பேனை ஒரு குத்து.

"ஊசி போடுதா?" என்றான்.

"முட்டை வைக்குது. புழு உள்ளயே பொரிச்சு, பேனைத் தின்னு வளரும். மிஞ்சற தோல்தான் இவங்க தங்கம். வளர்ந்ததும் கதவை அறுத்துட்டு வெளிய வருது."

பொன்வாக்கர் திரும்பி வந்த நாளில் மாடியில் கால் வைக்க இடமில்லை. மூடாத ரோஜாவின் இலைகளில் பொன்மணிகள். அவர் கையை உயர்த்தினார்.

"பார்த்தீங்களா? தோஷம் பிடிச்ச வீட்டுலயும் ஏறிடுச்சு என் வாக்கு!"

"அந்தச் செடிக்கு யாரும் மந்திரம் சொல்லலைங்க" என்றாள் மருமகள். "அத்தை தொண்டை கட்டுற வரைக்கும் மந்திரம் சொன்னது இதுக்கு." வலையை உருவினாள். பேன் மேல் பேன். ஒரு பொன்மணி இல்லை.

பொன்வாக்கர் அவள் கையிலிருந்த வலையைக் காட்டினார். "வலை... வாக்கைத் தடுத்துடுச்சு."

"கொசுவலையைத் தாண்டாத மந்திரமா சாமி எங்க பீடையைத் துரத்தப் போகுது?" என்றார் தையல்காரர். கூட்டம் சிரித்தது. நேற்றுவரை பொன்வாக்கர் காலில் விழுந்த அதே கூட்டம்தான்.

அப்போதுதான் கடிகாரக்காரன் தரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"தடுத்தது குளவியை. அது வலைக்குள்ள போக முடியலை. நாடி பார்க்கறேன்னு நீங்க இலைக்கு அடியில தேடினது, குளவி வந்துபோன அடையாளத்தைத்தானே? ஒண்ணு ரெண்டு இருந்தா மந்திரம். இல்லைன்னா என் பொண்டாட்டி கை." வங்கிக்காரரிடம் திரும்பினான். "சார், உங்க கழுத்துக் குப்பியை வெளிச்சத்துல காட்டுங்க."

குப்பிக்குள் பீடை ஒன்று குளவி உருவத்தில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. லென்ஸ் கை மாறியது. ஒவ்வொருவரும் தங்கள் குப்பியை எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் பொன்வாக்கர் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார்.

மாமியார் வீட்டுக்குள் போனாள். "பெட்டியை மேல தூக்கி வைடா. வழியில கிடக்கு" என்ற குரல் மட்டும் வந்தது. அவள் அகராதியில் மன்னிப்புக்கு அதற்கு மேல் சொல் இல்லை.

வங்கிக்காரர் மட்டும் நகரவில்லை. பக்தி வீணாகிறதே என்ற கவலை அவருக்கு. "அப்போ இனிமே குளவியைத்தான் கும்பிடணுமாம்மா?"

"கும்பிட வேண்டாம் சார். அது என்ன பண்ணுதுன்னு பாருங்க."

பார்த்தார். குளவி ஒரு பேனிடம் வந்தது. கொம்பால் தட்டியது. தடவியது. சுற்றி வந்து மறுபடியும் தட்டியது. திருப்தியில்லை, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது.

அந்தத் தலைக்குள் எவ்வளவு மூளை இருந்துவிடப் போகிறது? அதுவே தட்டிப் பார்க்காமல் ஒரு முட்டையைக்கூட ஒப்படைப்பதில்லை. இவ்வளவு பெரிய தலையைச் சுமக்கும் நாம், அதை ஒருவன் காலடியில் வைக்கும் முன் ஒரு தடவையாவது தட்டிப் பார்த்தால் என்ன?