துவக்கர் என்னைப் பிஸ்டல் என்றார்

உலகத்து மனிதர் அத்தனை பேரையும் இரண்டே இரண்டு வகையாகப் பிரித்து முடித்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்ட ஒரே மனிதர் துவக்கர்தான். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் மன்னாரோ யாழ்ப்பாணமோ, வேதக்காரரோ சைவக்காரரோ, யாருடைய மருமகன் என்று விசாரித்தே ஒரு பின்னேரத்தைக் கரைப்பார்கள். துவக்கருக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆளை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பார். ரைபிள் என்பார், அல்லது பிஸ்டல் என்பார். தீர்ப்பு முடிந்தது. மேன்முறையீடு கிடையாது.

என்னைப் பிஸ்டல் என்றார். என் அக்கா பிறீடாவை ரைபிள் என்றார். இந்தக் கட்டுரையை ஏன் எழுதுகிறேன் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை.

அவருடைய சொந்தப் பெயர், இத்தாலியில் தங்கியிருக்கத் தருகிற அனுமதிப் பத்திரமான அவருடைய பெர்மெஸ்ஸோவுக்கு மட்டும்தான் தெரியும். பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில், வேறு மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தார். ஊர் மன்னார்ப் பக்கம். அங்கே துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, கண்டு கடல் தாண்டி ஓடிவந்த மனிதருக்கு இங்கே கிடைத்த வேலை துவக்குகளுக்குத் தூசி தட்டுவது.

கால்சாவில், கடலைப் பார்த்த ஒரு பழைய மாளிகையில், கிழட்டு இன்ஜினியர் ஒருவர் தனியாக இருந்தார். பொலிஸ் பிடிக்கிற கள்ளத் துவக்குகளை அளந்து பார்த்து, இது இன்ன வகை என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். அலுமாரி நிறைய அவருடைய சொந்தப் பழைய துவக்குகள். மனைவி செத்து, பிள்ளைகள் மிலானோவுக்குப் போய், சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் இருந்த கிழவர், தூசி தட்ட வந்தவரைப் பிடித்து இருத்திப் பாடம் எடுத்திருக்கிறார்.

பாடம் இதுதான். கொம்பனியில் செய்த துவக்கு பிறக்கும்போதே பெயரும் இலக்கமும் குத்திக்கொண்டு வருகிறது. வீட்டில் செய்த துவக்குக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதை என்ன பெயர் சொல்லி வழக்குப் போடுவது? அதனால் சட்டம் அளவுநாடாவை எடுக்கச் சொல்கிறது. குழாய் முப்பது சென்ரிமீற்றருக்கு மேல், முழு நீளம் அறுபதுக்கு மேல் என்றால் அது நீளத் துவக்கு, ரைபிள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் குட்டைத் துவக்கு, பிஸ்டல்.

வேறு யாராவது என்றால் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். துவக்கர் இதில் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இத்தாலிக்காரர் கொம்பனியிலை செய்த சனம், பிள்ளை. நாங்கள் எல்லாம் வீட்டிலை செய்த சாமான். எங்களை ஆராவது அளந்துதான் பேர் சொல்லவேணும்."

அந்த ஆராவது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நெஞ்சில் பிறந்த சொல் வாய்க்கு வந்து சேர எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அதுதான் மனிதருக்குக் குழாய் நீளம். ஆறுதலாகத் தோளில் தாங்கித் தூரத்தைக் குறிபார்ப்பவர் ரைபிள். கிட்ட நிற்பவரில் உடனே வெடிப்பவர் பிஸ்டல். சந்தையில் கூவுகிற மீன்காரன் பிஸ்டல். பிரசங்கம் தொடங்கி விசயத்துக்கு வருவதற்குள் பாதி மெழுகுதிரியை எரித்துவிடுகிற எங்கள் பாதர் ரைபிள், அதிலும் பெரிய யுத்தத்துக்கு முந்திய ரைபிள். எங்கள் அம்மாவும் பிஸ்டல்தான். ஆனால் அதை அம்மாவுக்கு முன்னால் சொல்லமாட்டார். இரவுச் சோறு அம்மாவின் கையில் இருந்தது.

பிரான்காச்சோவில் இருந்த ஒரு குடும்பம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது. கோயில் பங்குச் சான்றிதழ், வேலை, வீடு எல்லாம் சரி. கடைசியில் பெண்ணின் தகப்பன் எங்கள் படியேறி வந்து துவக்கரிடம் காதோடு கேட்டார். துவக்கர் மாப்பிள்ளையோடு ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து, பெண்ணும் பிஸ்டல், பையனும் பிஸ்டல், வீடோ ஒற்றை அறை, யோசித்துச் செய்யுங்கள் என்றார். கல்யாணம் நடந்தது. கேக் வெட்டும் கத்தியை யார் மேலே பிடிப்பது என்பதிலேயே இருவரும் சண்டை பிடித்தார்கள். மண்டபம் முழுவதும் திரும்பித் துவக்கரைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு றோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருடைய புகழைத் தாங்க முடியவில்லை. குறிப்பாக என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். என் அப்பா கையெழுத்துப் போடுவது படம் கீறுவது போல இருக்கும். என் இத்தாலிய டிப்ளோமாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தோம். சனம் வரும், அதற்கு நேர்கீழே உட்காரும், உட்கார்ந்துகொண்டு துவக்கரிடம் அபிப்பிராயம் கேட்கும். அம்மா நண்டுக் கறி வைத்தால் பெரிய கால் அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போகும். டிப்ளோமாவுக்குச் சின்னக் கால்.

அப்படி ஒரு நண்டுக்கறி நாளில்தான் என் வகை அறிவிக்கப்பட்டது.

"பிறீடா ரைபிள். தோளிலை வைச்சால் அசையாது."

"அப்ப நான்?"

"நீ பிஸ்டல்."

"அதெப்பிடி? நான் படிச்சனான். உங்கடை கடிதமெல்லாம் ஆர் வாசிச்சுச் சொல்லுறது? ஆர் போன் எடுத்துக் கதைக்கிறது?"

"பாத்தியே, வெடிச்சிட்டாய்."

அக்கா சிரிக்கவில்லை. ரைபிள்கள் சிரிப்பதில்லை. ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் காலை முதல் மாலை வரை ஒரு சொல்லும் பேசாமல் வேலை செய்துவிட்டு வருகிறவள் அவள். கோப்பையைப் பார்த்தபடி உதட்டை லேசாக மடித்தாள். அந்த மடிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ரைபிளாக மாறவும் முயன்றேன். தபால் கந்தோரில், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், தூரத்தைப் பார்த்து, ஆறுதலாக வாய் திறந்தேன். அதற்குள் அங்கிருந்த பெண் எனக்குப் பாஷை தெரியாது என்று முடிவுகட்டிக் கைச்சாடையில் பேசத் தொடங்கிவிட்டாள்.

இனி அந்த மார்கழிக்கு வருகிறேன். எங்கள் கிறிஸ்மஸ் ஒளிவிழா. பங்கு மண்டபத்தில் இத்தாலிய விருந்தாளிகளும் வருவார்கள் என்பதால் இரண்டு பாஷையிலும் அறிவிக்க என்னைப் போட்டிருந்தார்கள். அம்மா புதுச் சேலை எடுத்துத் தந்தார். என் வாழ்க்கையின் பெரிய பின்னேரம் அது.

நாடகத்தில் துவக்கருக்கு ஏரோது மன்னனின் வாசல் காவலன் வேடம். வசனம் இல்லை. வசனம் இல்லாத குறையை அவர் வேறு வழியில் தீர்க்க நினைத்தார். காவலனுக்கு ரைபிள் வேண்டும் என்றார். யேசு பிறந்த காலத்தில் ரைபிள் ஏது என்று பாதர் கேட்டதற்கு, ஏரோது வீட்டில் செய்வித்திருப்பான் என்று பதில் சொன்னார்.

சொன்னபடி, பிரான்காச்சோவில் ஒரு தச்சுப்பட்டறையில் வேலை செய்த மச்சானிடம் போய், ஒரு தடியும் கதிரைக் காலும் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷுமாக ஒன்றைச் செய்து முடித்தார். விழா நாளன்று அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினார். ரைபிளைப் பைக்குள் வைப்பது அதற்கு மரியாதையில்லையாம். அந்த வருஷங்களில் மாஃபியாவுக்குப் பயந்து நீதிபதிகளின் வீட்டு வாசல்களில் ராணுவம் நின்றது. அடுத்த தரிப்பில் பஸ் முழுவதும் இறங்கிவிட்டது, சாரதி உட்பட. துவக்கர் மட்டும் உட்கார்ந்திருந்தார், இடம் கிடைத்த சந்தோஷத்தில்.

நான் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றதும் பாதர் ஓடிவந்தார். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவிலிருந்து போன். துவக்கர் பிடிபட்டுவிட்டார், ஜெனி என்ற பெண்ணை, அதாவது என்னை, கூப்பிடச் சொல்கிறார். பாதர் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, சுற்றிப் பார்த்து, பிறீடா அக்காவிடம் கொடுத்தார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா பேசாமல் நின்றாள். சபை அந்த அமைதிக்கே கை தட்டியது.

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஆனால் விசயம் சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மன்னாரிலிருந்து எடுப்பிக்க துவக்கர் கொடுத்த விண்ணப்பம் அதே குவெஸ்தூராவின் மேல்மாடியில் கிடந்தது. துவக்கு வழக்கு என்று ஒரு வரி விழுந்தால் அவருடைய பெர்மெஸ்ஸோவும் போகும், அவர்களுடைய வரவும் போகும்.

மேசையில் அந்தச் சாமான் கிடந்தது. இந்தப் பக்கம் துவக்கர், முகத்தில் ஏரோதின் காவலனுக்குப் பூசிய மையோடு. அந்தப் பக்கம் இளம் அதிகாரி ஒருவர். நான் என் முழு டிப்ளோமாவையும் கூட்டி, இது கோயில் நாடகத்துக்கான விளையாட்டுச் சாமான் என்று இத்தாலியனில் சொன்னேன். அதிகாரியின் முகம் இளகியது. துவக்கரின் முகம் இறுகியது. துவக்கு பற்றிய இத்தாலியன் முழுவதும் அவருக்கு விளங்கும்.

"விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லாதை, பிள்ளை. அளந்து பாக்கச் சொல்லு."

"அண்ணை, வாயை மூடுங்கோ. உங்கடை மனிசியும் பிள்ளையளும் வரவேண்டாமோ?"

அவர் வாயை மூடினார். மூடித்தான் இருந்தார். அப்போது அதிகாரி அந்தச் சாமானைத் தூக்கி, அப்படியானால் இது ஒரு பிஸ்டல் மாதிரி என்று எழுதலாமா என்று கேட்டார்.

துவக்கர் எழுந்து நின்றார். நெஞ்சில் கையை வைத்து, தெளிவான இத்தாலியனில், "ரைபிள், ஐயா" என்றார். குழாய் எழுபது, மொத்தம் நூற்றிப்பத்து என்றும் சேர்த்துக்கொண்டார். மனைவி, பிள்ளை, பெர்மெஸ்ஸோ எல்லாவற்றையும் நாற்பது சென்ரிமீற்றர் மானத்துக்காக மேசையில் வைத்துவிட்ட மனிதரை நான் அதற்கு முதலும் பிறகும் கண்டதில்லை.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். வீட்டில் செய்தது, உடையவரே ரைபிள் என்கிறார், நிபுணர் வந்து அளக்கட்டும் என்றார்.

வந்தவர் கால்சா இன்ஜினியர். கோட்டும் அளவுநாடாவுமாக வந்த கிழவர், தன் வீட்டு வேலைக்காரர் மைபூசி உட்கார்ந்திருப்பதைக் கண்டும் காணாததுபோல மூக்குக் கண்ணாடியைப் போட்டார். முழு நீளத்தை அளந்தார். குழாயின் வாயைப் பார்த்தார். தீக்குச்சி ஒன்றை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார். குச்சி போகவில்லை. வாயே இல்லை, வட்டமாகப் பொலிஷ் பூசியிருந்தது. பிறகு தடியின் அடியைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அங்கே பல் தடங்கள் இருந்தன.

"இது என் நாய் கடித்தது," என்றார் கிழவர். "இது என் குசினி துடைக்கிற மொப்பின் தடி. மூன்று நாளாகத் தேடுகிறேன்."

குழாய் இல்லாததால் குழாயின் நீளம் பூச்சியம். ஆகவே ரைபிளும் இல்லை, பிஸ்டலும் இல்லை, சட்டத்தின் முன்னால் இது மொப்பு. அதிகாரி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். பூச்சியம் என்ற சொல்லைக் கேட்டதும் துவக்கரின் கண்ணிலிருந்து நீர் இறங்கி மையைக் கரைத்தது. கிழவர் போகிற போக்கில் அவருடைய தோளைத் தட்டி, முழு நீளம் மட்டும் பார்த்தால் ரைபிளுக்குப் போதும் என்றார். அதோடு அழுகை நின்றது.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். என் மைக் போனது, என் சேலை போனது, அக்கா கைதட்டு வாங்குகிறாள், என்னை ஏன் கூப்பிட்டீர்கள், உங்களுடைய ரைபிளைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

துவக்கர் நின்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"விசர்க் கதை கதைக்கிறாய். ரைபிளை அலுமாரியிலை வைச்சுப் பூட்டுறது. தெருவிலை இறங்கேக்கை இடுப்பிலை செருகிறது பிஸ்டலைத்தான்."

சொல்லிவிட்டு, இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இடுப்பை ஒருமுறை தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குப் போய் இதை அக்காவிடம் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்ப நான் அலுமாரிக்குள்ளையோ?" என்று கேட்டு, கழுவிய கோப்பையை உடைத்தாள். ரைபிள் வெடித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். இனிமையான சத்தம்.

துவக்கரின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பிறகு அவர்கள் வடக்குப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே யாரை யாரை ரைபிள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரோ, அதையும் நான் பொறாமையோடுதான் நினைக்கிறேன்.

இப்போது எங்கள் ஆட்களுக்காகக் குவெஸ்தூராவுக்குப் போய்க் கதைப்பது என் வேலை. அதிகாரி நிமிர்ந்து பார்க்கிற அந்தக் கணத்தில், நான் வாய் திறக்க முதல், எங்கேயோ ஒரு கை இடுப்பைத் தட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

இருக்கிறன், அண்ணை.