ஊசலார் தேர்ந்தெடுத்த மாத்திரை

செருப்புக் கடையின் மேல்மாடியில் ஞானம் குடியேறியிருந்தது. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். அத்தனை பேர் கையிலும் மாத்திரைப் பெட்டி. சர்க்கரைக்காரர், மூட்டுவலிக்காரர், தூக்கம் தொலைத்தவர். ஊசல் ஆட்டி மருந்து பார்ப்பதால் ஊசலார் என்று பெயரெடுத்தவர், பித்தளைக் குண்டு கட்டிய நூலைப் பெட்டிக்கு மேலே பிடிப்பார். குண்டு வட்டமிட்டால் அமிர்தம். அசையாமல் நின்றால் நஞ்சு. மற்றவர்கள் வருஷக்கணக்கில் கண்விழித்துப் படித்ததை ஒரு முழம் நூலில் முடித்துவிட்ட மேதை.

அந்த வரிசையில் வங்கிக் காசாளர் ஒருத்தி நின்றாள். நின்றாள் என்பது மரியாதைக்கு, நாத்தனார் நிறுத்தியிருந்தாள்.

மனச்சோர்வு. தலை வாரக்கூடத் தெம்பில்லாமல் படுத்தபடி கிடந்தவள். டாக்டர் முதலில் மூளையில் ஒரு ரசாயனத்தைக் கூட்டும் வகை மாத்திரை கொடுத்தார். வாரங்கள் போயின, வயிறு புரண்டதே தவிர மனம் எழவில்லை. பிறகு இரண்டு ரசாயனங்களைக் கூட்டும் வகைக்குப் படிப்படியாக மாற்றினார்.

“ரெண்டுமே நல்ல மருந்துதாம்மா. யாருக்கு எது ஒத்துக்கும்னு முன்னாடியே சொல்ல முடியாது. சாப்பிட்டுத்தான் பார்க்கணும்.”

இரண்டாவது ஒத்துக்கொண்டது. மறுபடி கவுண்டரில் போய் உட்கார்ந்தாள்.

நாத்தனாருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தை மாற்றுகிறவன் மருந்து தெரியாதவன் என்பது அவள் தீர்ப்பு. ஊசலார் சம்மதித்தால் மாத்திரை, இல்லாவிட்டால் குப்பைத்தொட்டி என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரோ, அக்கா கிழித்த கோட்டில் நிற்கக்கூட மாட்டார், படுத்தே விடுவார். காசாளர் சண்டை போடவில்லை. பழையது, புதியது இரண்டு மருந்தின் பெட்டியையும் தானே எடுத்து வருவதாக மட்டும் சொன்னாள்.

ஊசலார் முதலில் நாத்தனாரிடம் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஞானத்துக்கும் கொஞ்சம் முன்தகவல் வேண்டுமல்லவா?

பழைய மருந்தின் மஞ்சள் பெட்டிக்கு மேலே குண்டு குஷியாகச் சுற்றியது. புதிய மருந்தின் நீலப் பெட்டிக்கு மேலே பிடித்து வைத்த பிள்ளையாராக நின்றது.

“நீலம் உன்னை உள்ளேயே அரிச்சிடும்மா. மஞ்சள்தான் உனக்கானது.”

“ஐயா, குண்டு பெட்டியைப் பார்க்குதா, உள்ளே இருக்கிற மருந்தைப் பார்க்குதா?”

“மருந்தைத்தான். அட்டை, காகிதமெல்லாம் அது கண்ணுலயே படாது.”

காசாளர் இரண்டு பெட்டியையும் திறந்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் பாதி மாத்திரை அட்டை வந்தது. கிழிந்த நோட்டைச் சேர்த்துப் பார்ப்பதுபோல் மேசைமேல் விளிம்போடு விளிம்பு வைத்தாள். பொருந்தியது. ஒரே அட்டை, கத்தரிக்கோலால் இரண்டானது. மாத்திரையின் பெயர் இந்தப் பாதியில் தொடங்கி அந்தப் பாதியில் முடிந்தது.

“ரெண்டுமே புது மருந்துதாங்க” என்றாள். “இதுல எந்தப் பாதி என்னை அரிக்கும்?”

ஊசலார் தொண்டையைச் செருமினார். பெட்டியின் அதிர்வு, மஞ்சளின் சக்தி என்று ஏதோ ஆரம்பித்தார்.

“அப்போ நாங்க பெட்டியையே முழுங்கிடலாமாய்யா?” என்றார் மூட்டுவலிக்காரர்.

படிக்கட்டு வரை சிரிப்பு இறங்கியது. நாத்தனார் சிரிக்கவில்லை. இரண்டு பாதியையும் தானே சேர்த்துப் பார்த்தாள். பிரித்து, மறுபடி சேர்த்தாள். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“இன்னைக்கு மாத்திரை போட்டுக்கிட்டியா?”

“இல்லைங்க அண்ணி.”

“போடு.”

கீழ்ப்படியில், நடந்தது எதுவும் தெரியாத ஒருவர், வரிசை நகருமா என்று அலுத்துக்கொண்டார். நகர்ந்தது, படியிறங்கி. ஐந்தாறு பேர் இன்னும் பெட்டியோடு நின்றார்கள்.

‘தெரியாது, பார்ப்போம்’ என்ற டாக்டரைச் சந்தேகப்பட்டோம். பார்க்காமலே ‘தெரியும்’ என்றவனுக்குக் கால்கடுக்க நின்றோம். மூளைக்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, ஐயா. மூளையைப் பயன்படுத்த வைக்கும் மருந்து மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாமே பயன்படுத்தினால்தான் உண்டு.