பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

"யே பிஸ்டல் நஹீ ஹை பேட்டா, நல்கா ஹை."

'இது பிஸ்டல் இல்லை மகளே, தண்ணீர்க் குழாய்' என்று ராத்தோர் சார் சொன்னதும் அந்தத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (வேறு என்ன செய்வது? குழாய் என் கையில் அல்லவா இருந்தது!)

ராத்தோர் சார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெற்கு தில்லியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அந்தக் கூடத்தை நடத்தி வந்தார். அங்கே நின்று சுட ஆளுக்கொரு லேன், எதிரே பத்து மீட்டர் தள்ளி ஆளுக்கொரு குறி வட்டம் போட்ட காகித அட்டை. மற்றவர்கள் கையில் வெளிநாட்டுப் பிஸ்டல்கள், நகைப்பெட்டி போன்ற பெட்டிகளில் வரும். என்னுடையது பழைய துண்டில் சுற்றி, டிபன் பையில் வந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து தில்லியில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வீட்டுச் சமையல் வேலை. நான் பி.காம். முடித்து, நொய்டாவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படித்த முதல் ஆளுக்கு வீட்டில் தனி அதிகாரம் உண்டு. மருந்துச் சீட்டா, கரண்ட் பில்லா, புது மிக்ஸியா, எதிலும் அவள் சொல்வதே தீர்ப்பு. அந்த அதிகாரம் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. ("கொஞ்சமா?" என்று அப்பா கேட்பார். விடுங்கள்.)

தசரா சமயத்தில் நடக்கும் ராம்லீலா மேளாவில் பலூன் சுடும் கடையில் சின்ன வயதிலிருந்தே நான் ராணி. கடைக்காரர் என்னைக் கண்டாலே பலூன்களைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவார். அந்தத் தைரியத்தில்தான் முதல் போனஸில் பிஸ்டல் வாங்கினேன். லைசென்ஸ் தேவைப்படாத, காற்றின் விசையில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் பிஸ்டல். கடையில் இருந்ததிலேயே மலிவானது. "ஆரம்பத்துக்கு இது போதும்" என்றார் கடைக்காரர். எதன் ஆரம்பத்துக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மலிவுப் பிஸ்டலோடு குடும்பம் நடத்துவது ஒரு தனிக் கலை. ஒவ்வொரு முறையும் அதன் குழலை மடக்கி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினால்தான் உள்ளே ஸ்பிரிங் ஏறும். முதல் வாரம் என் கை, இட்லி மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டிய கைபோல வலித்தது. விரலால் இழுக்கும் விசையோ துருப்பிடித்த தாழ்ப்பாள். இழுத்துக்கொண்டே இருக்கலாம், அது யோசித்துக்கொண்டே இருக்கும், நாம் நம்பிக்கை இழக்கும் நொடியில் 'டப்' என்று வெடிக்கும். குறி பார்க்கும் தகட்டின் திருகு அடிக்கடி கழன்றுவிடும் என்பதால் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு இடப்பக்கம் ஒரு சாய்மானம். நடுவில் பட வேண்டுமென்றால் நான் வலது ஓரத்தைப் பார்த்துச் சுட வேண்டும். (கணவர்களைப் பற்றி ஆபீஸ் அக்காக்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.)

ஆனாலும் எனக்கு அதன்மேல் உயிர். கை நடுங்காமல் இருக்க, தினமும் மாலையில் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை நீட்டிப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்பேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி, "தாகமா இருந்தா குடிச்சிடேன்டி, எதுக்கு அத மொறைக்கிற?" என்பாள்.

அந்த வருடம் தசராவன்று காலை ராத்தோர் சார் ஒரு போட்டி வைத்தார். பத்துக் குண்டு சுட வேண்டும், நடுவட்டத்தில் பட்டால் பத்துப் புள்ளி. நூற்றுக்கு எழுபது எடுத்தவர்களுக்கு ஞாயிறு தோறும் ஒரு லேன் நிரந்தரம், கூடவே அவருடைய பயிற்சி. எடுக்காதவர்கள் என்னைப்போல, இடம் காலியானால் நுழையலாம், இல்லாவிட்டால் படியில் உட்காரலாம். ஞாயிறுகளில் நான் உட்கார்ந்தே அந்தப் படி வழவழப்பாகியிருந்தது. இரண்டு வாரமாகப் பயிற்சியில் எழுபத்திரண்டு, எழுபத்து நாலு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். லேன் என்னுடையதுதான் என்று எங்கள் தெரு முழுக்க அப்பா அறிவித்துவிட்டார். கீரைக்காரர்கூட, "பேட்டி, ஒலிம்பிக் கப் ஹை?" என்று ஒலிம்பிக் தேதியை விசாரித்தார். நான் அவரைத் திருத்தவில்லை.

தசராவுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை.

அம்மாவின் ஆயுத பூஜையைச் சொல்லியாக வேண்டும். அரிவாள்மணை, குக்கர், அயர்ன் பாக்ஸ், அப்பாவின் ஆட்டோ, இன்வெர்ட்டர், எதுவும் தப்பாது. அதற்கு முந்தின வருடம் என் லேப்டாப்புக்கு வைத்த சந்தனம் சரியாகக் கேமராவின் மேல் உட்கார்ந்துவிட்டது. வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், "உங்கள் பக்கம் புழுதிப் புயலா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"ஏண்டி, எல்லாத்துக்கும் வச்சாச்சு. உன் துப்பாக்கிய மட்டும் பையிலயே வச்சிருந்தா அது என்னா நெனைக்கும்?"

"அது எதுவும் நினைக்காதும்மா. இரும்பு."

"அருவாமண மட்டும் என்னா, பஞ்சா? அதுக்கு வைக்கல?"

இதற்குப் பதில் பி.காம். பாடத்தில் இல்லை. குண்டு உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டுப் பிஸ்டலை எடுத்துக் கொடுத்தேன். அப்போது ஆபீஸிலிருந்து போன் வந்தது, வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பிஸ்டல், பொரி, வாழைப்பழத்தின் நடுவில், கதம்பம் சூடி, சீமந்தத்துக்கு உட்கார்ந்த பெண்போல இருந்தது. குழல் நெடுகத் திருநீற்றுப் பட்டை. பிடியில் மூன்று பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பதால் எட்ட நின்றே பார்த்துக்கொண்டேன்.

காலையில் அம்மா கற்பூரம் காட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனை.

"பொட்ட அழிச்சிடாத. மொதக் குண்டு போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அப்பறம் தொடச்சிக்க."

"சரிம்மா."

"சாமி மேல சத்தியமா?"

"சாமி மேல சத்தியமா."

தெருவுக்கே பொறுமையாகப் பிஸ்டலின் பாகங்களை விளக்கிய நான், அன்று காலை அதை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சத்தியம் செய்துவிட்டேனே என்ற பெருமிதத்தில் பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோலத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

மெட்ரோவில் பிஸ்டலைக் கொண்டுபோக முடியாது. அப்பாதான் ஆட்டோவில் அழைத்துப் போனார். ஆட்டோவின் இரு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் சாமந்தி மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினோம். கூடத்தின் வாசல் காவலாளி எங்களைப் பார்த்ததும், "ஷாதி பகல்வாலே ஹால் மே ஹை" என்று கல்யாணத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினார்.

"ஷாதி நஹீ பையா! மேரி பேட்டி! நிஷானா!" என்று அப்பா ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துக் காட்டினார். காவலாளி பின்வாங்கி வழிவிட்டார்.

எனக்கு ஆறாம் எண் லேன். இடப்பக்கம் ஐந்தாம் லேனில் பல்லா ஆன்ட்டி. பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ரோஜா நிறத்தில் காதுக்கவசம், ஜெர்மனியிலிருந்து வந்த பிஸ்டல். என் துண்டைப் பிரித்ததும் மல்லிகையும் கற்பூரமும் மணத்தன. ஆன்ட்டி மூச்சை ஆழ இழுத்து, "ஆஹா, மந்திர் ஆ கயா" என்றார். கோயிலே வந்துவிட்டதாம்.

ராத்தோர் சார் கட்டளையிட்டார். பொட்டு அழியாமல் குழலை ஓரமாகப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, மடக்கி அழுத்தினேன். காய்ந்திருந்த திருநீறு மெல்ல எழுந்து என் மூக்குக்குள் போனது. நான் கவனிக்கவில்லை. குண்டைப் போட்டேன். கையை நீட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, குறி பார்க்கும் தகட்டின் நடுவில் இருக்க வேண்டிய பிளவைக் காணோம். அங்கே ஒரு கொழுத்த சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

முதல் குண்டு போகும் வரை துடைக்கக்கூடாது. சத்தியம்.

சரி, குங்குமத்தையே குறியாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். (படித்தவள் அல்லவா, மாற்று வழி யோசிப்பேன்.) மூச்சை அடக்கினேன். விசையை இழுத்தேன். அது வழக்கம்போல யோசித்தது. நான் இழுத்தேன். அது யோசித்தது. மூக்குக்குள் திருநீறு வேலையைத் தொடங்கியது.

"ஹா... ஹா..."

"அச்சூ!"

டப்!

என் பிஸ்டலின் வாயிலிருந்து மஞ்சள் புகை ஒன்று மேகம்போலக் கிளம்பி, மெதுவாக ஐந்தாம் லேன் பக்கம் நகர்ந்தது. குழலின் வாயை நிஜமான வாய் என்று நினைத்து, அம்மா அதை முழுக்கச் சந்தனத்தால் அடைத்திருந்தாள். காய்ந்த சந்தனம் தூளாகிப் பறந்து, பல்லா ஆன்ட்டியின் ரோஜா காதுக்கவசத்தில் படிந்தது.

"ரோகோ! ரோகோ! சப் ரோகோ!"

எல்லாரும் நிறுத்துங்கள் என்று கத்தியபடி ராத்தோர் சார் ஓடி வந்தார். ஒருவர் மேசைக்கு அடியில் இருந்தார். வாசலிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் உற்சாகமாகக் கேட்டது: "நூறாயுசு!" வீட்டில் யார் தும்மினாலும் சொல்வது. பழக்க தோஷம்.

ராத்தோர் சார் பிஸ்டலை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"யே க்யா லகாயா ஹை?" இது என்ன பூச்சு என்கிறார்.

"சந்தன், சார். பூஜா."

"தசராவுக்கு நாங்களும் ஆயுதத்துக்குத் திலகம் வைப்போம் பேட்டா" என்றார் இந்தியில். "பிடியில், இத்தனூண்டு. நீங்கள் இதற்கு ஃபேஷியல் செய்து அனுப்பியிருக்கிறீர்கள்."

விசையில் விரல் இருக்கும்போது தும்மல் வந்தால் முதலில் விரலை எடு, பிஸ்டலை இறக்கு, பிறகு எத்தனை தும்மல் வேண்டுமானாலும் போடு என்று ஒரு பாடமும் நடத்தினார். அதில் சிரிப்பு இல்லை. நியாயம்தான்.

அட்டைகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். என் அட்டை கழுவி வைத்த தட்டுபோலச் சுத்தம். பல்லா ஆன்ட்டியின் அட்டையில் இரண்டு ஓட்டை. ஒன்று ஆறில். இன்னொன்று நட்ட நடுவில், பத்தில்.

என் வாழ்க்கையின் முதல் பத்து, பக்கத்து வீட்டில் விழுந்திருந்தது.

"பத்து என்னுடையது" என்றார் பல்லா ஆன்ட்டி, சந்தனத்தைத் தட்டியபடி. "நான் குறி பார்த்துச் சுட்டேன். இவள் தும்மினாள்."

இந்த வாதத்தை எந்தக் கோர்ட்டில் மறுப்பது? எது யாருடையது என்று தெரியாவிட்டால் அட்டைக்காரருக்குப் பெரியதைக் கொடுக்க வேண்டும், அடுத்தவர் அட்டையில் சுட்டவருக்குப் பூஜ்யம், இதுதான் விதி என்றார் ராத்தோர் சார்.

மூக்கைச் சிந்தி, பிஸ்டலைத் துடைத்து, மிச்சம் ஒன்பதையும் சுட்டேன். அறுபத்தைந்து. அந்தப் பத்தும் சேர்ந்திருந்தால் எழுபத்தைந்து. லேன் போயிற்று. பல்லா ஆன்ட்டி ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் பரிசுக் கோப்பையை வாங்கினார்.

ஆட்டோவில் வாழைக்கன்றுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். முனிர்க்கா சிக்னலில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, அந்தப் பத்த சுட்டது யாரு?"

"நான்தான்ப்பா."

"அது போதும் போ. எங்க உழுந்தா என்னா?"

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கோலப்பொடி டப்பாவை மூடியபடி தீர்ப்புச் சொன்னாள்: "பூஜ பலிச்சிருக்குடி. அட்ரஸ்தான் மாறிப்போச்சு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். சிரித்ததில் மூக்குக்குள் மிச்சமிருந்த திருநீறு மறுபடி எழும்ப, வீடு அதிரத் தும்மினேன். அப்பா 'நூறாயுசு' சொல்லவில்லை.

"பத்து!" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் 'பத்து'தான். மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சளி பிடித்தால் ஒரு காலையிலேயே ஐம்பது, அறுபது எடுத்துவிடுவாள். தெருவுக்கும் பரவிவிட்டது. கீரைக்காரர், ஏன் என்று தெரியாமலேயே, பத்தை இந்தியில் "தஸ்!" என்கிறார்.

ஒரு வருடம் ஓடி, இன்று மறுபடி ஆயுத பூஜை. காலையிலேயே பல்லா ஆன்ட்டி எங்கள் வீட்டைத் தேடி வந்தார், ஒரு கையில் லட்டு டப்பாவும் மறு கையில் ஜெர்மன் பிஸ்டலுமாக. "உங்கள் அம்மாவை இதற்கும் அதேபோல வைக்கச் சொல்" என்றார். அம்மா மிகுந்த மகிழ்ச்சியோடு வைத்தாள், வாய் உட்பட. (நான் எச்சரித்தேன். ஆன்ட்டி கேட்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.)

நாளை தசராவுக்கும் போட்டி இருக்கிறது. என் குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்து, குறித் தகட்டுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டித்தான் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அதைவிட முக்கியமான வேலையை நேற்றே முடித்துவிட்டேன். ராத்தோர் சாருக்குப் போன் செய்து பெயர் கொடுத்தேன்.

"அதே குழாயா?" என்றார்.

"அதே குழாய்தான் சார். ஆனால் எனக்கு ஒன்றாம் எண் லேன் வேண்டும்."

"அது மூலையாச்சே, வெளிச்சம் குறைவு. அங்கே என்ன இருக்கிறது?"

"இடப்பக்கம் சுவர் இருக்கிறது சார்" என்றேன்.