பேதுரு மூன்று முறை, நான் ஒன்பது முறை

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குருத்தோலை ஞாயிறு. அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். கோவில்பதாகையில் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு, மாலை ஆறு மணிக்குள் முகப்பேரில் இருக்கிற எங்கள் சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சேவல் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு என் அழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மற்றவர்களுக்கு ஊழிய அழைப்பு மலைமேல் வரும், மூன்று நாள் உபவாசத்தில் வரும். எனக்கு சேக்காட்டு வீட்டில் குக்கர் தேய்க்கும்போது வந்தது. என் மனைவி எஸ்தர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நான் அதிகம் பேசாத ஆள். முப்பது வருஷம் ஃபேக்டரியில் லேத் ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் வீட்டுக்கு வந்து நோட்டு நோட்டாக நாடகம் எழுதினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எஸ்தர் மட்டும் படிப்பாள். படித்துவிட்டு, "எழுதி எழுதி பரண்ல போடறீங்க. ஒரு தடவையாவது எழுந்து நின்னு நடிங்க. நான் முதல் பெஞ்சுல உக்காந்து பாக்கறேன்" என்பாள்.

அவள் இருந்தவரை நான் எழுந்து நிற்கவில்லை. அன்று குக்கரும் கையுமாக நிற்கும்போது, இனி நிற்கத்தான் வேண்டும் என்று உள்ளுக்குள் தெளிவாக ஒரு குரல். அது ஆண்டவருடையதா எஸ்தருடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேர் பேச்சையும் நான் ஒரே அளவில்தான் தட்டிக்கழித்திருக்கிறேன்.

பாஸ்டரிடம் போனேன். "நாடக ஊழியம் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு மனசுல ஒரு பாரம் பாஸ்டர்."

"ரொம்ப சந்தோஷம் பிரதர். ஜெபம் பண்ணிக்கலாம்."

சபைப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. ஜெபம் பண்ணிக்கலாம் என்போம். பெண் கேட்டு வந்தாலும், மாடி போர்ஷன் வாடகைக்குக் கேட்டாலும், ஸ்பீக்கர் பாக்ஸ் இரவல் கேட்டாலும் அதே பதில்தான்.

என் ஊழியம் இரண்டு வருஷம் ஜெபத்தில் கிடந்தது.

பிறகு ஒரு நாள், பாடகர் குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாஸ்டர் போன் செய்தார்.

"குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிஷம் தரேன் பிரதர். நல்லா வந்தா மாசாமாசம் பத்து நிமிஷம் உங்களுக்கு. நல்லா வரலேன்னா..."

"ஜெபம் பண்ணிக்கலாம்" என்று நானே முடித்தேன்.

நாடகத்தில் ஒரே ஆள், பேதுரு. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள். அவர் பயந்துபோய் மூன்று முறை தெரியாது என்கிறார். மூன்றாவது முறை சேவல் கூவுகிறது, மனிதர் உடைந்து அழுகிறார். ஆக, சேவல் கூவினால் நாடகம் உண்டு, கூவாவிட்டால் இல்லை.

"சேவல் சத்தம் கீபோர்டுலயே இருக்கு சார்" என்றார் சபையில் கீபோர்டு வாசிக்கும் டேனியல். அழுத்திக் காட்டினார். குதிரை கனைத்தது. அடுத்த பட்டனில் ஹெலிகாப்டர் வந்தது.

நிஜச் சேவலே வேண்டும் என்று முடிவு செய்தேன். பாஸ்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஜெபம் பண்ணுவார்.

கோவில்பதாகையில் பெருமாள் இருந்தான். என்னோடு ரிட்டயர் ஆனவன், சேவல் வளர்ப்பவன்.

"சாமி விசயமா? அப்போ மணியை இட்டுகினு போ நைனா. அலாரம் மாரி கூவும்."

"சொன்ன நேரத்துக்குக் கூவுமா?"

"இருட்டுல வெச்சா கம்முனு கெடக்கும். வெளிச்சம் பட்டுதுன்னு வெய்யி, விடிஞ்சிடுச்சின்னு நென்ச்சிகினு கூவிடும். அறிவு அவ்ளோதான். நம்ம ஃபோர்மேன் மாரி."

மணியை மூங்கில் கூடையில் உட்கார வைத்து, கறுப்புத் துணி போட்டு மூடினான். "பத்தரமா கொண்டாந்து குடு. குழம்புல போட்டுடப் போறானுங்க உங்க ஆளுங்க."

ஆவடியில் பஸ் ஏறினேன். மடியில் கூடை. கண்டக்டர் வந்தார்.

"பெருசு, கூடையில இன்னா?"

இங்கேதான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "துணி" என்றேன்.

"துணி மூச்சு வுடுது?"

"காத்துல ஆடுதுப்பா."

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, துணியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் உள்ளே போனது. மணிக்கு விடிந்துவிட்டது.

அம்பத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"துணி நல்லா கூவுது பெருசு. லக்கேஜ் போட்டுக்கோ" என்று டிக்கெட்டைக் கிழித்தார் கண்டக்டர்.

"பிரியாணிக்கா சார்?" என்றது பின் சீட்டு.

"இல்லைங்க, சபைக்கு."

"சபையில பிரியாணி போடறாங்களா? எந்த சபை சார்?"

சபையில் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரையும் சபைக்கு அழைத்ததில்லை. அன்று ஒரே பஸ்ஸில் மூன்று பேர் விலாசம் கேட்டார்கள்.

சபைக்குப் போய், யாரும் பார்க்காதபோது கூடையைப் பிரசங்க மேடைக்குப் பின்னால் வைத்தேன். துணியில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியை என் காலடிக்குக் கொண்டு வந்தேன். டேனியலிடம் சொன்னேன்: "மூணாவது தடவை தெரியாதுன்னு சொன்னதும் எல்லா லைட்டையும் போட்டுடுங்க."

பேதுரு வேஷத்துக்குப் பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டேன். என் நாடக நோட்டை முதல் பெஞ்சின் ஓரத்தில், யாரும் உட்காராத இடமாகப் பார்த்து வைத்தேன். அது எஸ்தருக்கு. சபைச் செயலாளரின் மனைவி வந்து அதன்மேல் உட்கார்ந்தார்.

விளக்குகளை அணைத்தார்கள். என் சட்டைக் காலரில் மைக். குரல் எப்படியோ வந்தது. முதல் முறை தெரியாது என்றேன். சபை அமைதியாகக் கேட்டது. இரண்டாம் முறை சொன்னேன். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எஸ்தர், கவனி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று மூன்றாம் முறை சொல்லி, கயிற்றை இழுத்தேன். துணி விழுந்தது.

டேனியல் ஒரே ஒரு நீல பல்பைப் போட்டார். பிறகு கேட்டதற்குச் சொன்னார், சோக மூடுக்காகவாம்.

நீல வெளிச்சத்தில் மணிக்கு விடியவில்லை. தலையைச் செருகிக்கொண்டு தூங்கியது.

கேட்கவில்லையோ என்று நினைத்து, "தெரியாதுன்னா தெரியாது" என்று சேவல் பக்கம் திரும்பிச் சொன்னேன். நான்கு.

"சத்தியமா தெரியாது." ஐந்து.

"அஞ்சு ஆச்சு" என்றார் செயலாளரின் மனைவி. அவருக்கு வேதம் நன்றாகத் தெரியும்.

ஆறாவது முறை கூடையைக் காலால் தட்டினேன், அது மறைவிலிருந்து வெளியே நகர்ந்தது. ஏழாவது கெஞ்சலாக வந்தது. எட்டாவது முறை பின்னால் ஒருவர், "பேதுருவே பரவால்ல போலக்கீது" என்றார். ஒன்பதில் என் குரல் உடைந்துபோனது. அழ வேண்டிய இடம் அதுதான், ஆனால் அந்த அழுகை நாடகத்தில் உள்ளது இல்லை.

பாஸ்டர் எழுந்தார். "லைட்டைப் போடுங்கப்பா, போதும்."

டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்ட ஆரம்பித்தன. கூடை எல்லோர் கண்ணிலும் பட்டது.

"கோயிலுக்குள்ள கோழியை யாருய்யா கொண்டாந்தது?" என்றார் செயலாளர்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "பிரதர், இது உங்களுதா?"

வீட்டுக்கு ஓடிப்போய் குக்கரைத் தேய்க்கலாம் போல இருந்தது. யோசிக்காமல் வாயில் வந்தது:

"எனக்குத் தெரியாது பாஸ்டர்."

காலர் மைக் இன்னும் ஆனில் இருந்தது. கடைசி டியூப் லைட்டும் எரிந்தது.

மணி எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, மூன்று முறை கூவியது.

நான் மேடைப் படிக்கட்டில் உட்கார்ந்து, பெட்ஷீட்டில் முகத்தை மூடிக்கொண்டேன். செயலாளரின் மனைவி விம்முவது கேட்டது. அப்புறம் கைதட்டல்.

வாசலில் பாஸ்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அத்தனை தடவை வேணும்னே கூவாம வெச்சு, என்னையே மேடைக்கு வரவெச்சு, நெஜமாவே தெரியாதுன்னு சொல்லி, அப்புறம் கூவ வெச்சீங்களே பிரதர். எத்தனை நாள் ரிகர்சல்?"

நான் அதிகம் பேசாத ஆள் என்பது அப்போதுதான் உதவியது.

முதல் பெஞ்சுக்குப் போய் நோட்டை எடுத்தேன். நன்றாகக் கசங்கியிருந்தது, கொஞ்சம் சூடாகவும் இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், அது போதும்.

பாஸ்டர் பின்னாலேயே வந்தார். "மாசாமாசம் பத்து நிமிஷம் உங்களுக்குத்தான். ஆனா சேவல் கட்டாயம் வரணும்."

மணி கூடையில் நின்றுகொண்டு செயலாளரின் குருத்தோலையைத் தின்றுகொண்டிருந்தது.

"நான் வரேன் பாஸ்டர்" என்றேன். "சேவலுக்காக ஜெபம் பண்ணிக்கலாம்."