பூஜையில் உட்கார்ந்த சர்வர்

ஒரு முடிவை எடுக்க எவ்வளவு அதிகமாக யோசிக்கிறோமோ, அது அவ்வளவு முட்டாள்தனமாக வந்து முடியும். இது என் சொந்த அனுபவம். என்ன படிப்பது என்பதை ஒரு மதியச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்தவள் நான். ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு எந்த ஃபைல் சிஸ்டம் போடுவது என்று முடிவு செய்ய எனக்குப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாள் ஞானம் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், ஊரே பார்க்க ஒரு டிராக்டர் டிப்பரின் மேல், கையில் மைக்குடன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கிருமாம்பாக்கம். அப்பாவிடம் மூன்று டிராக்டர், இரண்டு நடவு மிஷின். புரட்டாசி பிறந்தால் பாகூர் கொம்யூன் ஊர்களில் பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நிற்பார்கள். பெருமழை பிடிப்பதற்குள் சம்பா நடவு முடிய வேண்டும், எல்லோருக்கும் வண்டி முதலில் வேண்டும். யாருக்குப் பின் யார் என்கிற வரிசையை அப்பா பாதி தலையிலும் பாதி காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் வைத்திருந்தார். அதனால் வருஷத்துக்கு இரண்டு சண்டையாவது நடக்கும், ஒன்றில் கட்டாயம் யாராவது வேட்டியை மடித்துக் கட்டுவார்கள்.

நான் அப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தேன். அந்த வேலை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து, 'நான் இங்கேயே இருக்கிறேன், வண்டித் தொழிலை நான் நடத்துகிறேன்' என்று அப்பாவிடம் நின்றேன். அப்பா நீண்ட நேரம் மோவாயைத் தடவினார்.

"இந்த ஒரு சீசன் பாக்கறேன். ஒழுங்கா ஓடிச்சின்னா இங்கியே இரு. இல்லன்னா வாய மூடிக்கினு பெங்களூரு போயிடணும். சரியா?"

"சரிப்பா!" என்று கையில் அடித்துச் சத்தியமே செய்தேன். (சத்தியம் செய்ய எனக்கு எப்போதும் பதினோரு நாள் ஆவதில்லை.)

வேலையில் இறங்கினேன். ஷெட்டை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதற்கு சர்வர் என்று பெயர் சூட்டினேன். அதில் ஒரு டேட்டாபேஸ். யார், எந்த ஊர், எத்தனை காணி நிலம், நாற்றுக்கு என்ன வயது, வரிசையில் எத்தனையாவது ஆள், எல்லாம் அதற்குள். அந்த டேட்டாபேஸ் எழுதுவதை டிஸ்க்கில் எங்கே வைப்பது, எப்படி வைப்பது, கேட்டால் எப்படி எடுத்துத் தருவது என்று பார்த்துக்கொள்வதுதான் ஃபைல் சிஸ்டம். சமையல்காரருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனுஷர்கள் கம்ப்யூட்டர் தானாகக் கொடுப்பதை ஏற்றுக்கொண்டு 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திவிட்டுப் போவார்கள். நான் சாதாரண மனுஷியா?

போட்டி வைத்தேன். இ.எக்ஸ்.டி ஃபோர், எக்ஸ்.எஃப்.எஸ், இசட்.எஃப்.எஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, எது வேகமாக எழுதுகிறது என்று சோதித்தேன். முடிவுகளை ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் டிரைவர் குமார் அண்ணனுக்கு அந்தச் சுவர் பிடித்துப் போய்விட்டது! நாற்பது வயதுக்காரர், இருபது வருஷமாக எங்கள் வண்டி ஓட்டுகிறவர், காலையில் வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்.

"பாப்பா, இன்னா நம்ம எக்ஸ்.எஃப்.எஸ்ஸு ரெண்டாவதுக்கு வந்துடிச்சி? நேத்து நல்லா ஓடினு இருந்திச்சே!"

"இன்னும் முடியலண்ணே, நாளைக்குப் பாருங்க."

"வுட்ராத பாப்பா. பேரே கம்பீரமா கீது."

இப்படி ஒரு ரசிகர் கிடைத்த பிறகு நான் நிதானமாக இருப்பேனா? வேகம், இன்னும் வேகம் என்று தேடிக்கொண்டே போய், பத்தாம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். டி.எம்.பி.எஃப்.எஸ் என்று ஒன்று இருக்கிறது. அது டிஸ்க்கையே தொடாது, எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். சோதித்தேன். மற்ற எல்லாம் நடந்துகொண்டிருக்க, இது பறந்தது! நான் எழுந்து நின்று கத்தினேன். குமார் அண்ணனும் சேர்ந்து கத்தினார். அப்பா ஓடி வந்து, "பாம்பா?" என்று கேட்டார்.

மெமரியில் இருப்பதற்குக் கரண்ட் போனால் ஆயுள் முடிந்தது என்பது கம்ப்யூட்டர் படித்த எவருக்கும் முதல் வருஷத்திலேயே தெரியும். எனக்கும் தெரியும். அதற்குத்தான் யு.பி.எஸ் வைத்தேன். நாலு மணி நேரம் தாங்கும் பாட்டரி. அதற்கு மேலும் ஒரு ஏற்பாடு: மணிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தானாக நகல் எடுத்துவைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். எவ்வளவு முன்ஜாக்கிரதை! வினாடிக்குப் பல்லாயிரம் பதிவுகளைத் தாங்கும் சர்வர் தயார். (எங்களுக்கு ஒரு நாளைக்கு வரும் பதிவு மூன்று. சனிக்கிழமை விரதம் என்றால் ஒன்று.)

மூன்று வாரம் எல்லாம் அமோகமாக நடந்தது. ஆட்கள் வந்தார்கள், பெயர் கொடுத்தார்கள், நாற்று பிந்தினால் வரிசையை மாற்றிக் கேட்டார்கள், நான் தட்டினேன். அப்பாவின் காலண்டர் தாளை 'இனிமேல் இது எதுக்கு' என்று கிழித்தே போட்டேன். விஜயதசமி அன்று காலை முதல் வண்டி கிளம்ப வேண்டும். அதற்கு முந்தைய நாள் ஆயுதபூஜை. சாயங்காலம் பெயர் கொடுத்த எல்லோரும் பொரிகடலை வாங்க ஷெட்டுக்கு வருவார்கள், அப்போது பெரிய டி.வி.யில் வரிசையைப் போட்டுக் காட்டுவது என்று திட்டம். அப்பா அதற்குப் புதுச் சட்டையே எடுத்துவைத்திருந்தார்.

ஆயுதபூஜை அன்று மதியம் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி வாங்க நான் ஸ்கூட்டரில் தவளக்குப்பம் போனேன். அன்றைக்கு அந்த ஜங்ஷனில் பூசணிக்காய் வாங்குவது சாதாரண காரியம் இல்லை. இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் செல்போனைப் பார்த்தேன், சர்வர் பதில் சொல்லவில்லை. நெட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தேன்.

வீடு வந்தால் வாசல் ஜொலித்தது. டிராக்டர்கள் மூன்றும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வரிசையாக நின்றன. அவற்றின் முன்னால் வாழையிலையில் மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர் செட், அம்மாவின் தையல் மிஷின், கிரைண்டர். கிரைண்டருக்குப் பக்கத்தில், ஈரத்துணியால் பளபளவென்று துடைக்கப்பட்டு, நெற்றியில் மூன்று பொட்டும் தலையில் சாமந்திச் சரமுமாக, என் சர்வர்.

பூசணிக்காய் கையிலிருந்து விழுந்தது. (நல்லவேளை, உடைக்கத்தான் வாங்கியது.)

"அம்மா! இத யாரு இங்க கொண்டாந்தது?"

"நான்தான். இன்னாத்துக்குக் கத்தற? பூஜைல வைக்கற சாமான் ஓடக்கூடாதுடி. மூணு வாரமா ராவும் பகலும் ஓடிக்கினே கீது, அதுக்கு ஒரு நாளு ஓய்வு வேணாமா? அரிவாளுக்கே லீவு வுடறோம்."

"யு.பி.எஸ் இருந்துச்சேம்மா!"

அதற்குக் குமார் அண்ணன் பெருமையோடு முன்னால் வந்தார். "பிளக்கப் புடுங்கனதும் அந்தப் பொட்டி கீ கீன்னு ஒரே கத்து பாப்பா. நான்தான் பட்டன அமுக்கி அடக்கனேன். அதுக்கும் பொட்டு வெச்சாச்சி, பாரு."

இரண்டு பேரையும் குறை சொல்ல முடியவில்லை. ஆயுதபூஜைக்கு வீட்டில் மிக்ஸிகூட ஓடாது என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். பதினோரு நாள் யோசித்த எனக்கு அது மட்டும் யோசனையில் வரவில்லை!

அப்போதும் நான் முழுதாக இடிந்துபோகவில்லை. நகல் இருக்கிறதே! சர்வரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், மாட்டினேன், உயிர்ப்பித்தேன். நகல் வைத்திருந்த இடத்தைத் திறந்தேன். காலி. அப்போதுதான் புரிந்தது. நான் எழுதிய அருமையான புரோகிராம், மெமரியில் இருந்ததை மணிக்கு ஒரு முறை ஒழுங்காக நகல் எடுத்து, அதே மெமரியின் இன்னொரு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறது. பெங்களூர் பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

அப்பா புதுச் சட்டையோடு உள்ளே வந்தார். "இன்னாச்சி?"

"போச்சுப்பா."

"எவ்ளோ போச்சி?"

"எல்லாம்."

"செவுத்துல எழுதினியே, எதுவோ ஒண்ணு ஜெயிச்சிதுன்னு. அத வெச்சும் போச்சா?"

"அது ஜெயிச்சதாலதாம்ப்பா போச்சு."

அப்பா சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அதற்குள் வெளியே டி.வி.எஸ் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம். குமார் அண்ணன் உற்சாகத்தில் டி.வி.யைப் போட்டுவிட்டார். பெயர், ஊர், வரிசை எண் என்று மேலே தலைப்பு, கீழே ஒரே வெள்ளை.

சேலியமேட்டுத் தணிகாசலம் மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, யாருமே பேர் குடுக்கல போல கீது. அப்ப நாளைக்கே எனக்கு வண்டி!"

"உனக்கா? நான் முன்னாடியே வந்துட்டேன்!" என்றார் குருவிநத்தத்துக்காரர் ஒருவர். அவ்வளவுதான், வாசல் முழுக்கப் பொரி பறந்தது. எல்லோரும் முதல் ஆள்! நான் கதவிடுக்கில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள்.

"டேய், நீ எனக்கு அப்புறம்டா! என் கழனி முடிச்சாதான் உனக்கு வண்டி. எப்ப முடியும், எப்ப முடியும்னு தெனம் போன் பண்ணி என் உசுர எடுத்தவன் நீதான?"

எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது! எங்கள் பக்கத்தில் யாரும் 'எனக்கு எத்தனாவது நம்பர், என்ன தேதி' என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 'இன்னாருக்கு அப்புறம் எனக்கு' என்றுதான் வைத்துக்கொள்வார்கள். முன்னால் இருப்பவரின் கழனியில் வண்டி ஏறியதும் இவர் வரப்பை வெட்டித் தண்ணீர் வைத்துத் தயாராக வேண்டும், அதனால் அவர் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். முழு வரிசையும் யாரிடமும் இல்லை. ஆனால் எல்லோரிடமும் ஒவ்வொரு துண்டு இருக்கிறது!

பூஜைக்குக் கட்டியிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்பர் மேல் ஏறினேன். "எல்லாரும் கேளுங்க! நான் தப்புப் பண்ணிட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்த பேரு எல்லாம் அழிஞ்சிடுச்சு. தப்பு என்னோடது, அப்பாவோடது இல்ல." மைக்கை இன்னும் கிட்டே பிடித்தேன். "இப்ப ஒவ்வொருத்தரும் உங்களுக்கு முன்னாடி யாரோ, அவர் பின்னாடி போய் நின்னு தோளைப் புடிங்க!"

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வேட்டியும் லுங்கியுமாக அத்தனை பெரியவர்கள் ஒருவரையொருவர் தேடி ஓடினார்கள். நைசாக முன்னால் போய் நின்றவர்களை, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களே வந்து சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போனார்கள். இரண்டு பேர், மூன்று பேர், ஏழு பேர் என்று ரயில் ரயிலாக உருவாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. ஒரு இடத்தில் மட்டும் மூன்று பங்காளிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தங்களுக்குள் வரிசையை இரண்டு முறை மாற்றிக்கொண்டு, எது கடைசியாகப் பேசியது என்பதை மறந்திருந்தார்கள். அம்மா சுண்டல் தட்டோடு போய், "உன் நாத்துதான் முத்திக்கினு நிக்குது, நீ முன்னாடி போ" என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வட்டத்தை அறுத்தார்.

வரிசை ஷெட்டைச் சுற்றி, வாசலைத் தாண்டி, கடலூர் ரோட்டோரம் வரை போனது. ஒரு பஸ் வேகத்தைக் குறைக்க, கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா குடுக்கறாங்க?" என்று கேட்டார். நான் முதலிலிருந்து கடைசி வரை பெயர் எழுதிக்கொண்டே ஓடினேன். நாற்பத்தேழு பேர். ஒருவர் குறையவில்லை! குமார் அண்ணன் டிராக்டர் மேல் ஏறி போட்டோ எடுத்தார். காலையில் முதல் வண்டி அந்த வரிசைப்படியே கிளம்பியது. பெருமழை பிடிப்பதற்கு முன் நாற்பத்தேழு கழனியிலும் நடவு முடிந்தது. அந்த வருஷம் அதற்கப்புறம் ஒரு சண்டைகூட இல்லை. (சர்வருக்கு அப்புறம் இ.எக்ஸ்.டி ஃபோர் போட்டேன். 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தினேன். நாலு நிமிஷம் ஆனது.)

ஆனாலும் அப்பா என் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தானே என்று நான் பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். லீவு முடியும் வாரம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு தமிழ் மேனேஜர் கூப்பிட்டார். என் கை சாம்பாராக இருந்ததால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் என்றைக்கு வருகிறேன் என்று அவர் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா போன் பக்கம் குனிந்து நிதானமாகச் சொன்னார்:

"அவ இப்பத்திக்கு வர முடியாது சார். உங்களுக்கு முன்னாடி நாப்பத்தேழு பேரு நிக்கறாங்க."

நான் சாம்பார்க் கையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டேன், அவர் போட்டிருந்த ஆயுதபூஜைப் புதுச் சட்டை அன்றோடு போனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் என்னிடம் எதைக் கேட்டாலும், அது ஒரு தம்ளர் தண்ணீரானாலும் சரி, மற்றவர்கள் முந்திக்கொண்டு சொல்லும் பதில் அதுதான். இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவரிடமும் அப்பா விளையாட்டாக அதையே சொன்னார். வந்தவர் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பக்கத்தில் நின்ற குமார் அண்ணனின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "அப்ப நான் நாப்பத்தெட்டு" என்றார்.

அவரைக் கட்டிக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.