மகுடேஸ்வரனின் இடுப்பளவு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த ஜென்மத்தில் ஊத்துக்குளி வெண்ணெயை நாக்கில் வைக்க மாட்டேன். சத்தியம்.

ஐம்பது தாண்டிய ஆண்களின் உடம்பைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. இடுப்பு நாற்பது அங்குலத்தைத் தாண்டினால், அந்த ஆளின் சாப்பாட்டுத் தட்டு மனைவியின் அதிகாரத்துக்குப் போய்விடும். அப்பீல் கிடையாது.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனுக்கு இடுப்பு நாற்பத்தாறு. அவர் தோசைக்கு வெண்ணெய் வைப்பதில்லை. வெண்ணெய்க்குத்தான் தோசை வைப்பார்.

அளவெடுக்கும் அதிகாரி பக்கத்துக் கம்பெனிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் மகுடேஸ்வரன் கட்டிங் மாஸ்டர் ராசப்பனிடம் ஓடினார்.

"ராசப்பா, ஆறு இஞ்ச் கொறைக்கோணும். அரை மணி நேரந்தான் இருக்குது!"

"துணின்னா வெட்டீரலாமுங்க மொதலாளி."

"வெளையாடாத. என்ற வெண்ணெய் போயிரும்!"

ராசப்பன் ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கை எடுத்தார். பிரிண்டிங்கில் விட்டு அங்குலக் கோடு அடித்தார். டேப் தயார். இழுக்க இழுக்க நீளும், எண் குறையும்.

அதிகாரி தண்டாயுதபாணி வந்தார். ஊரையே அளந்ததில் அவருடைய டேப் பக்கத்துக் கம்பெனியிலேயே அறுந்துபோயிருந்தது.

"எங்க கம்பெனி டேப்புங்க, புத்தம்புதுசு" என்று மகுடேஸ்வரன் நீட்டினார்.

சட்டப்படி சாட்சியாக மனைவி வசந்தாமணி பக்கத்தில் நின்றாள். "மாமா, மூச்ச உடுங்க. மொகம் கத்திரிக்காயாட்டம் ஆவுது."

அதிகாரி ஒரு முனையைப் பிடித்தார். ராசப்பன் மேசையில் காலை உதைத்துக்கொண்டு மறுமுனையை இழுத்தார். விசுவாசம் அதிகம், கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துவிட்டார்.

"இருபத்தாறா!" அதிகாரி பதறிவிட்டார். "சத்துக் கொறைவுங்க! இப்பவே ஆஸ்பத்திரில சேத்து மூணு வேளையும் கஞ்சி ஊத்தோணும்!"

"கஞ்சியா? இல்லீங்க, இல்லீங்க! ராசப்பா, லூசா புடி!"

ராசப்பன் பயத்தில் பிடியையே விட்டுவிட்டார். டேப் சுள்ளென்று வயிற்றில் அடித்தது. அடக்கிய மூச்சு வெளியேறியது. சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து, மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தியது.

தொளதொளவென்று மறுபடி அளந்தார்கள். ஐம்பத்திரண்டு.

"ஒரு நிமிசத்துல ரெண்டு மடங்கா பெருத்துட்டீங்களே! இதுக்குச் சட்டத்துல எடமே இல்லீங்களே!"

சட்டசபை அன்றைக்கே அவசரமாகக் கூடியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாக மேசையைத் தட்டி, 'மகுடேஸ்வரன் திருத்தம்' நிறைவேறியது: அவருடைய வெண்ணெய் ஆயுள் முழுக்க வசந்தாமணி வசம்.

"ஏனம்மிணி, ஒரு சுண்டைக்காயளவு வெண்ணெயாச்சும்?" என்று மகுடேஸ்வரன் தட்டை நீட்டினார்.

"சட்டமுங்க மாமா. நானென்ன பண்ணட்டும்?"

நான் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. சட்டமெல்லாம் எதற்கு? டாக்டர் என் இடுப்பைப் பார்த்து 'வெண்ணெய் கூடாது' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வசந்தாமணி என் தட்டில் வெண்ணெய் வைப்பதை நிறுத்திப் பத்து வருஷமாகிறது.